குணமான பிறகு எங்கே அனுப்புவீர்கள்?

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

எல்லையில் பதற்றம் என்றால் பட்டாளத்தில் முதலில் ரத்தாவது லீவு. ஊருக்கு வந்தவர்களையும் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். அதற்குச் சம்மதித்துத்தான் அவர்கள் சேர்ந்தார்கள். வீட்டாருக்கும் அது தெரியும். நான் எழுதுவது, அதே நாட்களில் காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ கண்டு, அல்லது பனிமலை உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்து, ராணுவ மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பற்றி. அவருடைய வீட்டு நினைப்பைக் கோழைத்தனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நல்ல மருத்துவம் மட்டும் இந்த ஏக்கத்தைத் தீர்க்காது என்பதற்கு நம் சிப்பாய்களின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயம்பட்ட, நோயுற்ற இந்தியர்களுக்காக 1914 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து அரண்மனையையே மருத்துவமனையாக்கினார்கள். சாதி, மத வழக்கம் கெடாதபடி ஒன்பது சமையற்கூடங்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள். கவனிப்பில் குறை இல்லை. ஆனால் உடம்பு தேறியவர்களில் பலரை அனுப்பியது ஊருக்கல்ல, மறுபடியும் போர்முனைக்கு. மாதம் 11 ரூபாய் சம்பளக்காரர், நோய் தீர வேண்டுமா தீராமலிருக்க வேண்டுமா என்று தெரியாமல் கிடந்தார்.

அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். படிக்கிறார்கள் என்று தெரிந்தே சிப்பாய்கள் தங்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரர்களைச் சிவப்பு மிளகாய் என்றும் மறைத்து எழுதி, இங்கே ஆட்கள் தீர்ந்துவருகிறார்கள், நீங்கள் வந்து சேராதீர்கள் என்று ஊரை எச்சரித்தார்கள். கடிதங்களில் கவிதை பெருகுவதைத் தணிக்கைத் தலைவர் மனக்கலக்கத்தின் அறிகுறியாக மேலிடத்துக்குத் தெரிவித்தார். ஏக்கம் அரசின் கண்ணில் படாமல் போகவில்லை. பட்டது, கோப்பில் ஏறியது. ஊருக்கு எப்போது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

அதே போரின் இன்னொரு களமான மெசபடோமியாவில் (இன்றைய இராக்) நோயாளிகளும் காயம்பட்டவர்களும் பட்ட பாடு இதைவிடக் கொடியது. அதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1917இல் வெளியானதும், பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார். நோயாளிச் சிப்பாய்க்கு அமைச்சரே பொறுப்பு என்பது உங்கள் நாற்காலிக்கு முன்பே எழுதப்பட்ட வழக்கம்.

இன்று தணிக்கைக் கூடம் போய்க் கைப்பேசி வந்துவிட்டது. தூரம் போகவில்லை. கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வழியே கட்ரா வரை ஓடும் ஹிம்சாகர் விரைவு ரயில் வாரம் ஒருமுறைதான். பயணம் மூன்று நாள். அந்தப் பாதையிலுள்ள உதம்பூர் ராணுவ மருத்துவமனையில் மகன் படுத்திருக்கிறான் என்று கேட்ட தாய், இந்தி தெரியாமல், டிக்கெட் உறுதியாகாமல், யாரிடம் போய் நிற்பார்?

மூன்று வேண்டுகோள்கள். நோயாளி பயணம் தாங்குவார் என்று மருத்துவர் சொன்னதும், போர்க்காலமானாலும், சொந்த ஊருக்கு அருகிலுள்ள ராணுவ மருத்துவமனைக்கு மாற்றுங்கள். அது முடியாதபோது, வீட்டார் ஒருவர் போய்வரப் பயணமும் தங்குமிடமும் அவர் மொழி பேசும் ஓர் ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். மூன்றாவதற்குச் செலவே இல்லை: குணமானால் அடுத்து வீடா, படைப்பிரிவா, எந்த வாரம் என்பதை மருத்துவரும் அதிகாரியும் கட்டிலருகே வந்து சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் ஏற்கெனவே விதி இருந்தால், அது நோயாளியின் காதுக்கு எட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

போருக்குப் போ என்ற உத்தரவைத் தேதி போட்டுத்தான் கொடுக்கிறீர்கள். வீட்டுக்குப் போ என்பதற்கும் ஒரு தேதி கேட்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடிமகன்