தூதரகத்தின் கையில் நாம் கொடுக்கும் தாள்

மாத்தளை மாவட்டத்தில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெருவைக் காண்பது அரிது. உக்குவளையிலிருந்தும் றத்தோட்டையிலிருந்தும் வரும் மாணவிகளைக் கேட்டால், வாப்பா கட்டாரில், சாச்சி குவைத்தில் என்று சொல்பவர்கள் பலர். நெருக்கடி மிகுந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காகப் புறப்பட்டனர். அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அங்கே ஒரு துன்பம் நேர்ந்தால் யாரிடம் போவார்கள் என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. கேட்டால் சில பெரியவர்கள் "எம்பசி ஈக்கிதானே" என்பார்கள். வேறு சிலர் "எம்பசியால ஒன்னும் நடக்காது" என்பார்கள்.

இரண்டு பேச்சும் முழு உண்மையல்ல. தூதரகம் எவ்வளவு தூரம் கைகொடுக்க முடியும் என்பதன் பெரும்பகுதி, விமானம் ஏறுவதற்கு முன்பே, நம் வீட்டில் நிரப்பப்படும் படிவங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து.

இதற்கு மூதூர் றிஸானா நபீக்கின் வாழ்வைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1988 பெப்ரவரியில் பிறந்தவர் அவர். 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது அவருக்கு வயது 17. இன்று எனக்கும் அதே வயதுதான். ஆனால் அவருடைய கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. போய்ச் சில வாரங்களில், அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தது. பாலூட்டும்போது மூச்சுத் திணறியதாக அவர் சொன்னார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கு நடந்த தவாத்மி, தூதரகம் இருக்கும் ரியாத்திலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. முதல் விசாரணையில் அவருக்குச் சட்டத்தரணி இருக்கவில்லை. வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்கு உரிய தகுதி இல்லை என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 2007 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கான சட்டத்தரணிக் கட்டணத்தைத் திரட்டியது ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட நிலையில் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்கிறது சிறுவர் உரிமைகள் சமவாயம். சவூதியும் அதில் இணைந்த நாடுதான். அவர் சிறுமி என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதற்கு எதிரே நின்றதோ நமது நாடே வழங்கிய கடவுச்சீட்டு. ஒரே அரசின் இரண்டு தாள்கள் இரண்டு வயதைச் சொன்னால், அந்த அரசின் தூதுவர் எந்த முகத்தோடு வாதாடுவார்? வறுமையைப் பயன்படுத்தி ஆறு வயதைக் கூட்டிய கை யாருடையதோ, அது அவருடைய கடைசிப் பாதுகாப்பையும் பறித்துவிட்டது.

தூதரகத்தால் இன்னொரு நாட்டின் தீர்ப்பை மாற்ற முடியாது. சிறைக்கதவைத் திறக்கவும் முடியாது. ஆனால் 1963ஆம் ஆண்டின் வியன்னா சமவாயத்தின்படி, கைதானவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டும். அதிகாரிகள் அவரைச் சிறையில் சந்திக்கலாம், சட்டத்தரணியை ஏற்பாடு செய்யலாம். கடவுச்சீட்டு தொலைந்தால் தற்காலிகப் பயண ஆவணம் தரலாம், சம்பளம் தராத எஜமானருடன் பேசலாம். எங்கே போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சவூதியில் ரியாத்தில் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் உள்ளன. அமீரகத்தில் அபுதாபியும் துபாயும் அப்படியே.

குறை மக்களிடம் மட்டும் என்று நான் சொல்லவரவில்லை. 2022இல் ஓமானுக்குப் பெண்கள் கடத்தப்பட்ட விவகாரத்தில், மஸ்கட் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரே சந்தேகத்தின்பேரில் கைதானார். அடைக்கலம் தேடி ஓடும் வாசலிலேயே இப்படி ஒரு சந்தேகம் எழுந்தால், "ஒன்னும் நடக்காது" என்று சொல்பவர்களை எப்படிக் குறைசொல்வது? தமிழ் பேசும் பெண்கள் இத்தனை பேர் போகும் நாடுகளில், தமிழில் குறை கேட்கும் அதிகாரி ஒவ்வொரு தூதரகத்திலும் இருக்க வேண்டும். முதல் விசாரணை நாளிலேயே சட்டத்தரணியை அமர்த்த நிதியும் வேண்டும். அவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணியை எண்ணிப் பார்க்கும் அரசுக்கு இது பெரிய செலவல்ல.

பெற்றோரிடம் கேட்பது இதுதான். விசிட் விசாவில் போய் வேலை தேடலாம் என்று சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனவர் எந்த வீட்டில், யாரிடம் வேலை செய்கிறார் என்ற விபரம் தூதரகத்திடம் இருக்காது. தேடி வருவதென்றாலும் எங்கே தேடுவார்கள்? புறப்படுமுன் கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் வையுங்கள். அங்கே கடவுச்சீட்டை எஜமானர் வாங்கி வைத்துக்கொண்டால் இந்தப் பிரதிதான் பேசும். பணியகத்தின் 1989 என்ற அவசர இலக்கம், போகிறவருக்கு மனப்பாடமாக இருக்கட்டும். பிரதேச செயலகத்தில் இதற்கென உள்ள உத்தியோகத்தரைச் சந்திக்காமல் எதிலும் கையொப்பமிட வேண்டாம்.

தோழிகளே, இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பல வீடுகளில் இந்தப் படிவங்களை நிரப்புவது நாம்தான். "நீதானே படிச்ச புள்ள, இத எழுதித் தா" என்று உம்மாவும் மாமியும் நம்மிடமே நீட்டுகிறார்கள். பிறந்த திகதி என்ற கட்டத்தில் வேறோர் ஆண்டை எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், ஏஜென்டும் சிரிப்பான். பரவாயில்லை. பொய்ச் சாட்சி சொல்வதைப் பெரும் பாவம் என்று கற்ற நாம், தாளில் எழுதும் பொய்யை மட்டும் எப்படிச் சிறிதென்று நினைக்கலாம்? அந்தக் கட்டத்தில் சரியான எண் இருந்தால்தான், நாளை தூதரகம் அவர்களுக்காகப் பேச வாய் திறக்க முடியும்.

— உயர்தர கலைப்பிரிவு மாணவி