எழுதியவர் பெயர் இருக்கட்டும்

தனியார் பொறியியல் கல்லூரியில் சேரும் இளம் ஆசிரியருக்கு முதல் செமஸ்டரிலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. ஐந்து யூனிட்டுக்கும் பாடக்குறிப்பு, இரண்டு மதிப்பெண் வினாவிடை, வினா வங்கி, ஸ்லைடுகள் எல்லாவற்றையும் தயாரித்துத் துறைத்தலைவரிடம் கொடுக்க வேண்டும். இரவில் வீட்டில் உட்கார்ந்து, பழைய வினாத்தாள்களைப் புரட்டி, மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று யோசித்து எழுதுகிறார். அவர் வேலையை விட்டுப் போனதும் முதல் பக்கத்திலிருந்து அவர் பெயர் நீங்கிவிடுகிறது. கல்லூரிச் சின்னம் மட்டும் மிஞ்சுகிறது. அடுத்து வருபவர் அதையே வைத்துப் பாடம் நடத்துகிறார். கொரோனா காலத்தில் பதிவான வகுப்புகளுக்கும் பல இடங்களில் இதே கதிதான்.

இப்படிச் செய்யும் நிர்வாகங்கள் துணைக்கு அழைப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை. பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவு பத்திரிகை ஊழியரை வேறுவிதமாக நடத்துகிறது. அவர் எழுதியதைத் தன் இதழில் வெளியிடும் அளவுக்குத்தான் முதலாளிக்கு உரிமை. மற்ற எல்லா வகையிலும் உரிமை எழுதியவருக்கே. செய்தியாளருக்குக் கிடைத்த இந்த நியாயம் விரிவுரையாளருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

1952இல் ஸ்டீபன்சன் ஜோர்டன் வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவான கோடு ஒன்றைப் போட்டது. நிறுவன ஊழியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளின் பதிப்புரிமை அவருக்கே உரியது. நிறுவனம் ஒப்படைத்த குறிப்பிட்ட பணிக்காக அவர் எழுதிய பகுதி மட்டும் நிறுவனத்துக்குரியது. கல்லூரி கேட்டு வாங்கும் அறிக்கையும், ஆசிரியர் தன் அறிவைக் கொட்டி எழுதும் பாடமும் ஒன்றல்ல.

உடைமை யாருக்கு என்பதில் வாதாடலாம். பெயர் விஷயத்தில் வாதத்துக்கு இடமில்லை. பதிப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டாலும், இது தன் படைப்பு என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. 1961 முதல் 1963 வரை கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஃபைன்மன் நடத்திய இயற்பியல் வகுப்புகள் நூலானபோது, பதிப்புரிமை அந்தக் கழகத்தின் பெயரில்தான் அச்சானது. ஆனாலும் உலகம் அதை ஃபைன்மன் விரிவுரைகள் என்றே படிக்கிறது. பெயர் இருப்பதால் நிறுவனத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

வீடியோ வகுப்பில் இன்னொரு உரிமையும் இருக்கிறது. நிகழ்த்துகலைஞர் யார் என்று பட்டியலிடும்போது, நடிகர், பாடகர், பாம்பாட்டி ஆகியோரோடு விரிவுரை ஆற்றுபவரையும் இந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. தன் நிகழ்த்துதலைப் பதிவுசெய்யும் உரிமை அவருடையது. படமாக்க எழுத்தில் சம்மதம் தந்துவிட்டால் அந்தப் பிடி பெரும்பாலும் நழுவிவிடும். பணி ஆணையோடு நீட்டப்படும் தாள்களைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் அதனால்தான் ஆபத்தானது.

கல்லூரியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. சம்பளமும் ஆய்வகமும் நூலகமும் அது தருபவை. ஆசிரியர் நடுவில் விலகினால் மாணவர்கள் குறிப்பில்லாமல் தவிக்கக் கூடாது. அதற்கு வேண்டியது பயன்படுத்தும் உரிமை, உடைமை வேண்டியதில்லை.

'மாறான உடன்பாடு இல்லாவிட்டால்' என்று சட்டமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த உடன்பாட்டை ஆசிரியர் சங்கங்கள் கேட்டுப் பெற வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு மாதிரி வாசகம் ஒன்றை வகுத்துத் தர வேண்டும். கல்லூரி தன் மாணவர்களுக்காக ஆசிரியரின் குறிப்பைப் பயன்படுத்தலாம். அதில் அவர் பெயர் இருக்க வேண்டும். விலகும்போது அவர் பிரதியோடு போகலாம், நூலாக்கலாம். அவருடைய பதிவுகளை வெளியே விற்றால் அவருக்குப் பங்கு தர வேண்டும். மணிக்கணக்கில் ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளருக்கும் இவை அத்தனையும் பொருந்த வேண்டும்.

கல்லூரி நிலையில் தமிழில் நல்ல பாடநூல்கள் போதவில்லை என்று நெடுங்காலமாகக் குறைப்படுகிறோம். அவை வகுப்பறைக் குறிப்புகளிலிருந்துதான் வளர்ந்து வர முடியும். தன் உழைப்பு தன் பெயரில் நிற்கும் என்ற உறுதி இருந்தால்தான் ஆசிரியர் அந்தக் குறிப்பைத் திருத்துவார், விரிப்பார், நூலாக்குவார். அந்த உறுதியைப் பணி ஆணையிலேயே எழுதித் தருவது கல்லூரிகளின் கடமை.