பழைய வீட்டு வண்டிக்கு வைத்தியர் யார்?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு சஞ்சரிக்கும் மோட்டார்ஹோம் என்னும் வாகனம், ஃபோர்டு போன்ற ஒரு கம்பெனியின் சேஸிஸின்மீது அயோவா மாகாணத்து வின்னபேகோ போன்ற இன்னொரு கம்பெனி கட்டிய வீடாகையால், அது முதுமை எய்தியபின் சகல வியாதிகளுக்கும் ஒரே பட்டறையில் சிகிச்சை தேடுவது விவேகமன்று என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சினும் பிரேக்கும் லாரிப் பட்டறைக்காரருக்குப் பழகிய சங்கதிகள்; ஆனால் கம்ப்ரஸரே இல்லாமல், கேஸ் சுடரின் உஷ்ணத்தால் அம்மோனியாவைத் தண்ணீரினின்று பிரித்துக் குளிர்ச்சி உண்டாக்கும் அந்த விசித்திரமான ஃபிரிட்ஜை அவர் தொடாமலிருப்பதே க்ஷேமம். “அது எங்கள் வேலையன்று” என்று கூசாமல் சொல்பவரையே நான் நம்புவேன்.

பட்டன் தேயாத டயரைத் தட்டிக்காட்டி இன்னும் வெகுதூரம் ஓடும் என்பவரைக் காட்டிலும், குனிந்து அதன் பக்கவாட்டில் 2315 என்ற எண்ணைத் தடவிப் பார்த்து, 2015-ஆம் வருஷத்து 23-ஆம் வாரத்தில் பிறந்த ரப்பர் இது, நின்ற இடத்திலேயே வெடிப்பு விட்டிருக்கிறது என்பவர் மேல். அவர் கழற்றிய பழைய பாகத்தையும் கேளாமலே கையில் கொடுப்பவராயின், கூலி சற்று அதிகமானாலும் மறுவருஷமும் அங்கேயே போகலாம். கூரை ஒட்டுக்களை மட்டும், மழைக்கு முன் ஏணி போட்டு நாமே ஏறிப் பார்த்துவிட வேண்டும்.