ஆணி அடிச்சால் பப்பாசி பெண்ணாகுமா?

எங்கட ஊர்களில் காய்க்காத பப்பாசிக்கு இரண்டு வைத்தியம்தான். ஒன்று, தண்டில் இரும்பு ஆணி அடிப்பது. மற்றது கத்தி. ஆணி அடிச்சால் ஆம்பிளை மரம் பொம்பிளை மரமாக மாறிக் காய்க்கும் என்று சொல்லாத பெரியாக்கள் குறைவு. மாறாவிட்டால் "மலட்டுச் சனியன்" என்று தறித்து விடுவார்கள். இரண்டுமே பிழை என்று நாங்கள் சொல்கிறோம்.

முதலில் ஆணி. சில ஆண் பப்பாசிகள் காலநிலை மாறும்போது தாமாகவே இருபால் பூக்களைப் பூக்கும். அப்போது நீண்ட காம்பின் நுனியில் சின்னச் சின்னக் காய்கள் தொங்கும். ஆணி படாத மரத்திலும் இது நடக்கும். ஆனால் ஆணி அடிச்சவரின் வளவில் நடந்துவிட்டால் ஊர் முழுக்க ஆணிக்குத்தான் பேர். ஆணி அடிச்சும் காய்க்காத மரங்களைப் பற்றி ஒருத்தரும் கதைப்பதில்லை. அவை அடுப்புக்கும் உதவாமல் எப்பவோ உக்கிப் போயிருக்கும்.

பனை, சாதிக்காய், கஞ்சா போன்றவற்றில் ஆண் வேறு, பெண் வேறு. பப்பாசியில் மூன்றாவதாக இருபால் மரமும் உண்டு. மூன்றையும் பிரித்தறியப் பூவைப் பார்த்தால் போதும். ஆண் மரத்தில் நீளமான காம்புகள் கிளைவிட்டுத் தொங்கும். அவற்றில் மெல்லிய குழல் போன்ற சின்னப் பூக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். பெண் பூ தண்டோடு ஒட்டி, தனியாகவோ இரண்டு மூன்றாகவோ வரும். அடி பருத்திருக்கும். இதழை விரித்தால் உள்ளே உருண்டையான சூலகம் மட்டும்தான், மகரந்தம் கிடையாது. இருபால் பூவும் தண்டோடு ஒட்டித்தான் வரும். ஆனால் அது நீளமானது, உள்ளே ஒடுக்கமான சூலகமும் அதைச் சுற்றி மகரந்தப் பைகளும் இருக்கும். பெண் மரத்துப் பழம் உருண்டை. இருபால் மரத்துப் பழம் நீளம், சதை தடிப்பு.

சந்தையில் எல்லாரும் தேடி வாங்குவது அந்த நீளப் பழத்தைத்தான். 'ரெட் லேடி' என்று பெயர் வைத்து விற்கிற இனத்திலும் விரும்பி வளர்ப்பது லேடியை அல்ல, இருபால் மரத்தை! தனியே நின்றாலும் அது தானே கருக்கட்டிக் காய்க்கும். இந்த மரத்தை "அலி" என்று சொல்லிச் சிரிக்கிற ஆக்களும் இருக்கினம். அதே சொல்லைத்தான் றோட்டால் போகிற திருநங்கைகளைப் பார்த்தும் கத்துகிறார்கள். பழத்தை மட்டும் விலை பேசி வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள்.

ஆண் மரம் ஏன் சனியன்? பெண் மரம் காய்க்க மகரந்தம் வேண்டும். காற்றும் இரவில் பறக்கிற அந்துப்பூச்சிகளும் அதைக் கொண்டு வரும். சுற்றுவட்டாரத்தில் ஆணும் இல்லை, இருபாலும் இல்லை என்றால் பெண் மரத்தின் பிஞ்சுகள் பெரும்பாலும் கொட்டிவிடும். பேந்து அந்த மரத்துக்கும் ஆணிதான். எங்கட ஆக்கள் ஆண் பனையிலும் கள்ளுச் சீவுகிறார்கள், அதை மலடு என்று யாரும் சொல்வதில்லை. இந்தோனேசியாவின் மனாடோ பக்கம் ஆண் பப்பாசிப் பூவையே கறியாகச் சமைக்கிறார்கள். நாங்கள்தான் பூவைக் கண்டதும் கத்தியைத் தேடுகிறோம்.

எங்கட பெரிய கோபம் "நூறு வீதம் பெண் கண்டு" என்று சொல்லிக் கூட விலைக்கு விற்பவர்களில். விதை கறுப்பா வெள்ளையா, வேர் நேரா கிளைவிட்டதா என்று பார்த்துச் சொல்லுவினம். பூக்க முதல் கண்ணால் பார்த்து ஆண், பெண் சொல்ல ஒருத்தராலும் முடியாது, ஆய்வுகூடத்தில் மரபணுவைச் சோதித்தால்தான் தெரியும். கணக்கும் அவர்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. பெண்ணும் ஆணும் சேர்ந்த விதையில் பாதி ஆண், பாதி பெண். பெண்ணும் இருபாலும் சேர்ந்தால் பாதி பெண், பாதி இருபால். இருபால் மரம் தன்னோடு தானே கருக்கட்டினால் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். எந்த விதையில் முளைத்தாலும் முழுக்கப் பெண் வராது. திசு வளர்ப்புக் கண்டு வேறு கதை. அதைத் தகரப் பேணியில் வைத்து றோட்டோரத்தில் விற்பதில்லை.

ஏமாறாமல் இருக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நல்ல நீளப் பழத்தின் விதையை எடுத்து ஒரு குழியில் மூன்று கண்டு நடுங்கோ. பூ வர நாலு தொடக்கம் எட்டு மாதம் செல்லலாம். அதுவரைக்கும் மூன்றையும் வளர விடுங்கோ. கொழுத்து நிற்பதை வைத்துக்கொண்டு மெலிந்ததைப் பிடுங்குகிற அவசரம் வேண்டாம், உயரத்துக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. பூத்த பிறகு இருபால் மரம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்து விடுங்கோ. விதை தானே கருக்கட்டிய இருபால் மரத்தினது என்றால், மூன்றும் பெண்ணாக வருவதற்கு 27இல் ஒரு வாய்ப்புத்தான். பக்கத்தில் ஆண் மரம் நின்று அதன் மகரந்தம் கலந்திருந்தால் கணக்கு மாறும்.

கடும் வெக்கை மாதங்களில் இருபால் மரமும் கொஞ்ச நாள் ஆண் பூவாகவே பூத்துக் காய்ப்பை நிறுத்தலாம். பயந்து வெட்ட வேண்டாம், வெக்கை தணிய மீண்டும் காய்க்கும். பெண் மரம்தான் மிஞ்சியது என்றால் அதையும் வையுங்கோ. பக்கத்து வளவில் ஆண் மரம் ஒன்று நின்றால், அதைத் தறிக்க வேண்டாம் என்று இன்றைக்கே போய்ச் சொல்லி வையுங்கோ.