நெட் போனாலும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளுமா?

வயதானவர்கள் வீட்டில் தனியாக வாழ ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ் உதவும் என்கிறார்கள். உதவும்தான். ஆனால் வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்டர்நெட் இல்லாவிட்டால் இது என்ன செய்யும்?

நான் இருப்பது சென்னையில். அம்மா தூத்துக்குடியில், தனியாக. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ.! கரண்ட் போனது, செல்போன் டவரும் போனது. நான் வாங்கிக் கொடுத்திருந்த ஸ்மார்ட் ஸ்பீக்கர் வெறும் டப்பாவாக உட்கார்ந்திருந்தது. பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை அதற்குள் நடப்பதில்லை. எங்கோ உள்ள சர்வரில் நடக்கிறது. அம்மா நலம் என்ற தகவல் இரண்டு நாள் கழித்து பக்கத்து வீட்டு அக்கா மூலம்தான் வந்தது. (மழை இல்லாத நாளிலும் அம்மாவின் பேச்சு அதற்குப் பாதிதான் புரியும். "இதுகிட்ட நான் என்னத்தலே பேச?" என்பார்.)

கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வாட்ச் இருக்கிறதே என்பீர்கள். ஆப்பிள் வாட்ச்சில் 2018-லேயே அந்த வசதி வந்துவிட்டது. ஆனால் அம்மா குளிக்கப் போகும்போது வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடுவார். வழுக்கி விழும் இடமே அதுதானே!

கடைசியில் ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கி, ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டேன். பாத்ரூம் கதவிலும் அடுக்களையிலும் சென்சார்கள். கேமரா கூடவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அது அவருடைய வீடு. அவர் எப்போது எழுகிறார், எப்போது அடுக்களைக்கு வருகிறார் என்பதை நான் எழுதிய சிறிய பைத்தான் புரோகிராம் சில வாரங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டது. வழக்கம் மாறினால் எச்சரிக்கும். எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடப்பதால் நெட் தேவையில்லை. சில வாட்ஸ்தான் செலவு என்பதால் இன்வெர்ட்டரிலேயே நீண்ட நேரம் ஓடும். (இன்வெர்ட்டரை உயரத்தில் தூக்கி வைத்தாயிற்று.)

எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும்? பல ஆப்கள் வெளியூர் மகனுக்கு மெசேஜ் அனுப்புகின்றன. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? அக்காவிடம் கேட்டு, வயர் இழுத்து, அவர் வீட்டில் ஒரு காலிங்பெல் வைத்தேன். எனக்கு மெசேஜ் அதற்குப் பிறகுதான்.

தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாடல்களை ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. நெட் இல்லாமல் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஒரு தமிழ் உதவியாளரை யாராவது செய்து விற்கலாமே! முதல் ஆளாக நான் வாங்கத் தயார்.

பெல் இதுவரை ஒரே முறைதான் தவறாக அடித்திருக்கிறது. அன்று அம்மா யாரிடமும் சொல்லாமல் திருச்செந்தூர் பஸ் ஏறியிருந்தார்.