ஓய்வும் பயிற்சியே

1950 ஆம் ஆண்டு பிரசல்ஸில் நடைபெற்ற ஐரோப்பிய மெய்வல்லுநர் போட்டிகளுக்குச் சற்று முன்னர், செக்கோஸ்லாவாக்கிய ஓட்ட வீரர் எமில் சட்டொபெக் உணவு நஞ்சானதால் வைத்தியசாலையில் கிடந்தார். 400 மீற்றர் தூரத்தை ஒரே நாளில் 40 தடவைகள் ஓடிப் பழகியவர் அவர். படுக்கையை விட்டெழுந்த சில நாட்களில் 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றார்.

தாமாக எடுத்திருக்க மாட்டாத ஓய்வை நோய் அவருக்குக் கட்டாயமாகக் கொடுத்தது என்றே நான் கருதுகிறேன். ஓட்டம் தசைகளை வருத்துகிறது. அவை வலுப்பெறுவது ஓய்விலும் உறக்கத்திலுமே. பயிற்சிக்கு அட்டவணை போடும் பயிற்றுநர்கள் ஓய்வுக்கும் நாள் குறிக்க வேண்டும். "இன்று ஓடாதே" என்று சொல்லத்தான் அதிக துணிவு வேண்டும். போட்டிக்கு முந்திய வாரத்திலும் மாணவனை விரட்டும் ஆசிரியர், அவனது வெற்றியைப் பயிற்சித் திடலிலேயே செலவழித்து விடுகிறார்.