பண்டமும் பக்குவமும்

பிற தேசத்துத் தாவர உணவுகளைச் சமைத்துண்ணும் ஆர்வம் நம்மவரிடையே நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. மாமிசமின்றியே உடலுக்கு உரமளிக்கும் ஆகாரங்கள் உலகெங்கும் உண்டென்றறிந்து, அவற்றை நம் அடுப்பிலும் ஏற்றிப் பார்ப்பதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், பண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பக்குவத்தை அத்தேசத்திலேயே விட்டுவிடும் வழக்கம் நமக்குக் கவலை தருகின்றது. அதனால் விளையக்கூடிய கேட்டிற்கு மக்காச்சோளத்தின் சரித்திரமே சாட்சி.

மக்காச்சோளம் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்ஸிகோவில் பயிராக்கப்பட்ட தானியம். அந்நாட்டுப் பூர்வகுடிப் பெண்டிர் அதை வெறுமனே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவெல்லாம் அந்நீரிலேயே ஊறவிட்டு, மறுநாள் தோல் கழன்றுபோகக் கழுவி, ஈரமாவாக அரைக்கிறார்கள். டார்ட்டியா என்னும் அவர்களுடைய ரொட்டி அம்மாவிலிருந்து தட்டப்படுவதே. அதனுடன் பீன்ஸ் பயறு, பூசணி, மிளகாய் ஆகியவை சேர்கின்றன. சோளத்தில் குறைந்துள்ள புரதக் கூறுகளைப் பயறும், பயற்றில் குறைந்துள்ளதைச் சோளமும் ஈடுசெய்கின்றன. சோளம், பயறு, பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் விளைவிப்பதும் அவர்களது பண்டை வழக்கம்.

கொலம்பஸ் 1492-ல் கடல் கடந்தபின் இத்தானியம் ஐரோப்பா சென்றது. சுண்ணாம்பு நீர் உடன் செல்லவில்லை. விளைவு என்ன? 1735-ல் ஸ்பெயினின் ஆஸ்துரியாஸ் பிராந்தியத்தில், சோளமே கதியென்றிருந்த ஏழை உழவரிடம் புதியதொரு வியாதியைக் காஸ்பர் காஸால் என்னும் வைத்தியர் கண்டார். தோல் வெடித்துக் கறுக்கும், பேதி காணும், சித்தம் கலங்கும், முற்றினால் மரணமே. இத்தாலியில் 1771-ல் இதற்குப் ‘பெல்லக்ரா’ என்ற பெயர் வழங்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கத் தென் மாகாணங்களில் சுமார் ஒரு லட்சம் பேர் இந்நோயால் மாண்டதாகக் கணக்கிடப்படுகின்றது.

இது தொற்று நோயென்றே பலரும் நம்பினர். 1914-ல் ஆராய்ச்சியைத் தொடங்கிய டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர், குற்றம் கிருமியினுடையதன்று, ஏழையின் உணவுக் குறைவே காரணமென்று நிரூபித்தார். குறைந்திருந்த பொருள் நயாசின் என்னும் ஜீவசத்து என்பது 1937-ல் தெளிவாயிற்று. அது சோளத்தில் இல்லாமலில்லை. உடல் ஏற்கவொண்ணாதபடி கட்டுண்டு கிடக்கின்றது. அக்கட்டை அவிழ்ப்பது சுண்ணாம்பு நீர். எழுத்தறியாப் பெண்டிர் கைவழியாய்க் காத்த முறையின் காரணத்தைக் கண்டறியக் கற்றறிந்த உலகத்திற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று! மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ 2010-ல் மானிட குலத்தின் கலாசாரச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது மிகவும் பொருத்தமே.

பலவகை உணவு உண்போருக்கு என்றோ ஒருநாள் உண்ணும் சோள ரொட்டியால் அபாயமில்லை. ஒரே தானியத்தை நம்பி வாழும் ஏழைக்கே அபாயம். ஆகவே, பஞ்ச காலத்தில் தானியம் வழங்கும் சர்க்கார்கள், பயற்றையும் பக்குவ முறையையும் சேர்த்தே வழங்கக் கடமைப்பட்டவை. சமையல் நூல் எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை. நம் கடைகளில் ‘கார்ன் ஃப்ளவர்’ என விற்பது பெரும்பாலும் சோளத்தின் வெறும் மாச்சத்தே. அது டார்ட்டியா மாவாகாது. சுண்ணாம்பில் பக்குவப்பட்ட மாவு வேறு என்பதை அவர்கள் தெளிவாக எழுதவேண்டும். சுண்ணாம்பைக் கையளவு தெரியாமல் வீட்டில் கொட்டிப் பார்ப்பதும் தகாது.

அரிசியோடு உளுந்தைக் கூட்டி, ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிடும் நம் மாதர்க்கு இவ்வுண்மை புதிதன்று. நம் இட்டிலியை ஓர் அந்நியர் உளுந்தின்றி, புளிப்பின்றிச் செய்து, அதையும் இட்டிலி என்றால் நாம் ஒப்புவோமா? நம் முறைக்கு நாம் கோரும் மரியாதையைப் பிறர் முறைக்கும் அளிப்போமாக. உலகத்தின் உணவுகள் நம் இல்லங்களுக்கு வரட்டும். அவற்றை ஆக்கிய மக்களின் அறிவும் உடன் வரட்டும்.